பரிசும் பந்தியும்

ஒரு கலைப்படைப்புக்குப் பரிசளிக்கும்போது நாம் எதனைப் பாராட்டுகிறோம்? படைப்பின் திறத்தையா, படைத்தவரின் மொழியையா? எளிய வினாவே. எனினும், 2016ஆம் ஆண்டில் நம் நாட்டுத் திரையுலகம் இதற்கு விடை கூறத் தடுமாறியது.

28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான போட்டி மொழிவழி இரண்டாகப் பகுக்கப்பட்டிருந்தது. மலாய்ப் படங்கள் ஒரு புறம்; பிறமொழிப் படங்கள் மறுபுறம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்னும் தமிழ்ப்படமும், பன்மொழி பேசும் 'ஓலா போலா'வும் இரண்டாம் பிரிவில் இடப்பட்டன. பல இனத்தவர் ஓரணியாய் நின்று பந்தாடிய கதையைச் சொன்ன படம், பரிசுக்கு வந்தபோது அணி பிரிக்கப்பட்டது!

தேசிய மொழியைப் போற்ற வேண்டாவா எனச் சிலர் கேட்பர். போற்றத்தான் வேண்டும். நாள்தோறும் தமிழ்ப்பள்ளியில் அம்மொழியையும் கற்பிக்கும் நமக்கு அதில் ஐயமில்லை. ஆயின், ஒரு மொழியை வளர்க்கத் தரும் பரிசு வேறு. நாட்டின் சிறந்த படம் இதுவெனத் தரும் பரிசு வேறு. தமிழ்ப்பள்ளி மாணவர்க்கெனத் தனிப் போட்டிகள் நாமும் நடத்துகிறோம், அதில் தவறில்லை. அங்கு வென்ற மாணவனை, "உனக்குத்தான் தனிப் பரிசு உண்டே" என்று கூறிப் பொதுப் போட்டியின் வாயிலில் நிறுத்தினால், அப்பரிசே வேலியாகி விடுகிறது. பொதுப் பந்தியில் அமர்ந்தவனுக்குக் கூடுதலாகப் பரிமாறுவது உபசாரம். அவனை எழுப்பிக் கொல்லைப்புறத்தில் இலை போடுவது விலக்கு. சோறு என்னவோ ஒரே பானைச் சோறுதான்.

இது வெறும் உவமையன்று. 1940இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஆஸ்கார் விழாவில் சிறந்த துணை நடிகை விருதைப் பெற்றவர் ஹேட்டி மெக்டேனியல். கறுப்பினத்தவர் ஒருவர் ஆஸ்கார் பெற்றது அதுவே முதன்முறை. அன்றிரவு அவர் தம் படக்குழுவினரோடு அமர்த்தப்படவில்லை. சுவரோரமாக ஒரு தனி மேசையே அவருக்குக் கிடைத்தது.

நம் நாட்டு நிகழ்ச்சியில் மனத்துக்கு ஆறுதல் அளிப்பது, இப்பாகுபாட்டை மலாய்க் கலைஞர்களும் எதிர்த்தனர் என்பதே. நடிகரும் இயக்குநருமான அஃப்லின் ஷவ்கி விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். பின்னர் ஏற்பாட்டாளர் இணங்கினர். சிறந்த மலேசியப் படத்துக்கான விருது எல்லா மொழிக்கும் பொதுவாயிற்று. தேசிய மொழிப் படத்துக்கெனத் தனி விருதும் வைக்கப்பட்டது. நான் முன்னர்க் கூறிய வேறுபாடு இதுவேயன்றோ? 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது.

கூச்சலால் கிடைத்த பரிசு என்று முணுமுணுப்போர் இருக்கக்கூடும். முறையற்ற விதி செய்யும் இரண்டாவது தீங்கு இது. விதி நீங்கிய பின்னரும், தகுதியால் வென்றவன்மீது ஐயத்தின் நிழல் விழுந்துகொண்டே இருக்கிறது.

படத்தின் பெயரையும் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தீயது எனப் பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல், இந்நாட்டுத் தமிழர் நாவில் 'ஜகாட்' ஆயிற்று. தோட்டம் விட்டுப் புறம்போக்குக் குடிசைகளில் குடியேறிய நம்மவர் வாழ்வைச் சொல்லும் படத்துக்கு அச்சொல்லே பெயராயிற்று. அதனைத்தான் முதலில் தேசிய மொழியல்லாத படம் என்று ஒதுக்கி வைத்தனர்.