பெற்றோரைக் குறை சொல்வது பாவமா?



நம் ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிப் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களை விசாரித்துப் பாருங்கள். விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நின்றதும், தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் அதில் ஏறிப்போனதும் அநேகருக்கு ஞாபகமிருக்கும். 1986-ம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயது நிரம்பாதவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்துவதைத் தடுத்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டுமென்று 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இழந்த படிப்புக்கு அது ஒருவாறு ஈடாகலாம். வேலையிடத்தில் ஏச்சும், கூலி குறைந்த நாளில் வீட்டில் உதையும் வாங்கிய பிள்ளையின் மனதுக்கு எதை ஈடு வைப்பது?

தீப்பெட்டி ஆபீஸ் வாசலையே மிதிக்காத பிள்ளைகளுக்கும் இத்தகைய காயம் உண்டு. குடித்துவிட்டு வரும் தகப்பனின் காலடிச் சத்தத்துக்கு வருஷக்கணக்காய் நடுங்கியவர்களைச் சொல்கிறேன். ஒருநாள் விபத்தின் பயம் வேறு; தப்ப வழியில்லாமல் நெடுங்காலம் பட்ட பயம் வேறு. இந்த வித்தியாசத்தை ஜூடித் ஹெர்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1992-ல் விளக்கி எழுதினார். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது தனி இடம் பெற்றிருக்கிறது. அப்படி வளர்ந்தவர் அடக்கமுடியாமல் சீறுவார், அல்லது மரத்துப்போவார். தாம் எதற்கும் உதவாதவர் என்று வெட்குவார். யாரையும் நம்பி நெருங்கமாட்டார். நாமோ "முன்கோபி" என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம்.

"அப்பா செத்து இருபது வருஷமாச்சு, இப்போது அவரைக் குறை சொன்னால் நான்காம் கற்பனைக்கு விரோதமில்லையா?" என்று கேட்பார்கள். இல்லை. பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டுமென்று எபேசியருக்கு எழுதிய அர்ச். சின்னப்பர், அதே இடத்தில் தகப்பன்மாரையும் எச்சரிக்கிறார். மழை பொய்த்த வருஷத்தில் பிள்ளையை பஸ் ஏற்றிய தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வராது. அவள் கஷ்டம் மெய். பிள்ளை பட்டதும் மெய். மன்னிப்பதற்கும் முதலில் நடந்ததை நடந்ததென்று சொல்லியாக வேண்டுமே. கடனே இல்லையென்றால் தள்ளுபடி செய்வது எதை? அடிபட்டதையே தன் பாவமென்று எண்ணிப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக நினைப்பவர்களும் உண்டு. ஐயோ, அது பாவமன்று, புண்.

ஆற நாளாகும். ஒரு குடம் தண்ணீரில் கரிசல் வெடிப்பு மூடுமா? முதலில் இன்றைய வாழ்வில் பயமில்லாத இடம் வேண்டும்: அடியில்லாத வீடு, ஒழுங்கான தூக்கம், குடியில்லாத இரவு. அதன்பிறகே, நம்பத்தக்க ஒருவரிடம், தம்மால் தாங்குமளவுக்குச் சொல்லலாம். இழந்த பிள்ளைப் பருவத்துக்காக அழலாம். "எல்லாவற்றையும் இன்றே கொட்டிவிடு" என்று வற்புறுத்துவது கெடுதல். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2022-ல் தொடங்கிய 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசியில் செலவில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

தாய்மாரே, உங்கள் வீட்டுக்காரர் நடுராத்திரியில் திடுக்கிட்டு எழுந்தால், என்ன கனவு என்று துருவவேண்டாம். விளக்கைப் போடுங்கள். இது நம் வீடு, பிள்ளைகள் பக்கத்தில்தான் தூங்குகிறார்கள் என்று மெதுவாகச் சொல்லி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.