பற்றும் கை

காலையில் கண் விழித்ததும் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டுப் படுக்கையை விட்டு எழுவது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். விரல் நுனியில் லக்ஷ்மி, நடுவில் சரஸ்வதி, மணிக்கட்டின் பக்கம் கோவிந்தன் என்று தியானிக்கும்படி பெரியோர் சொல்லியிருக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்து வந்தேன். அந்த வழக்கத்தைப் பொருள் உணர்ந்து செய்தது 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் என்று சொல்ல வேண்டும். அப்போது என் வலது கை முழங்கைக்குக் கீழே முழுவதும் கட்டுக்குள் இருந்தது; பார்ப்பதற்கு உள்ளங்கை ஒன்றுதான் இருந்தது.

அன்பர்கள் பலர் அந்தக் கையைப் பற்றி நேரிலும் கடிதத்திலும் விசாரித்ததுண்டு. நடந்ததையும், அதன் வழியே சாஸ்திரத்தில் ஓரிரு இடங்கள் எனக்கு விளங்கிய விதத்தையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மூணாற்றில் மூன்று நாள் சாதனை முகாம் ஒன்று நடைபெற்றது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமாதலால் அவ்வூருக்கு அப்பெயர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும், அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்த ஜனவரியில் அங்கு வெப்பநிலை பூஜ்யத்திற்கும் கீழே இறங்கியது. விடியற்காலையில் புல்வெளி வெண்மையாகக் கிடந்தது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கிவிடும். அந்தக் குளிரில் கேட்க வேண்டுமா? அவியலுக்காக வைத்திருந்த கண்ணாடி பாட்டிலில் எண்ணெய் கல்லாக இறுகிப் போயிருந்தது.

சமையற்கட்டுக்குப் பொறுப்பாயிருந்த அம்மையார் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் பாட்டிலைக் கையில் எடுத்ததைப் பார்த்து, "சாமி, அத விடுங்க. வெளிய வெயில்ல வச்சா தானா உருகிடும்" என்றார். எனக்கோ எட்டு மணிக்கு வகுப்பு. அதற்குள் அடுப்படி வேலையை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். அன்றைய வகுப்பின் தலைப்பு கர்மயோகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த கண்ணாடியைக் கொதிக்கும் நீரில் இறக்கினேன். அதில் விரிசல் விட்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. வெளியே எடுத்து மூடியைத் திருகுவதற்காக அழுத்திப் பிடித்தபோது பாட்டில் கைக்குள்ளேயே உடைந்தது.

ஒருவர் காப்பிப்பொடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். முகாமுக்கு வந்திருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் அவரைத் தடுத்து, சுத்தமான துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை இதயத்துக்கு மேலே உயர்த்தி வைக்கச் செய்தார். இன்றும் பல வீடுகளில் காப்பிப்பொடி, மஞ்சள்தூள், சுண்ணாம்பு என்று கையில் அகப்பட்டதை வெட்டுக்காயத்தில் அப்புகிறார்கள். அதனால் காயம் அழுக்காகும். மருத்துவர் உள்ளே பார்க்கவும் தடையாகும். அழுத்துவதும் உயர்த்துவதும் போதும்.

வெட்டு ஒன்றரை அங்குலம்தான். தையல் போட்டால் சரியாகிவிடும் என்றே எல்லோரும் நினைத்தோம். மருத்துவர் காயத்தைப் பார்ப்பதற்கு முன்பாக, "விரல் நுனியை மடக்குங்கள்" என்றார். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கின. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எதையோ சுட்டிக்காட்டுவனபோல் நேராக நின்றன. உள்ளே தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறுகள், அறுந்துவிட்டன. மேல்தோலை மட்டும் தைத்துவிட்டால் பயனில்லை, கை அறுவை மருத்துவரிடம் உடனே போக வேண்டும் என்று சொல்லி, காயத்தைக் கட்டி அனுப்பி வைத்தார். எழுதுகோலைப் பிடிக்கும் விரல்கள் அவை. ஒரு வேதாந்த நூலின் மொழிபெயர்ப்பு பாதியில் கிடந்தது.

வண்டி புறப்படும்போது அந்த அம்மையார் ஜன்னலருகே வந்து அழுதார். "நான் கையிலருந்து பிடுங்கி வாங்கியிருக்கணும் சாமி" என்றார். என்னால் அப்போது ஒன்றும் பதில் சொல்ல முடியவில்லை. மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை நோக்கி இறங்கும்போதுதான் தக்ஷிணேசுவரத்தில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

1884-ஆம் ஆண்டின் தொடக்கம். ஸ்ரீராமகிருஷ்ணர் பரவச நிலையில் தனியாகச் சவுக்குத் தோப்புப் பக்கம் சென்றார். வேலியருகே கீழே விழுந்ததில் இடது கையில் எலும்பு பிசகிவிட்டது. பிப்ரவரி 2 அன்று ம. என்னும் மகேந்திரநாத குப்தர் அவரைக் காணச் சென்ற நிகழ்ச்சி அமுத மொழிகளில் பதிவாகியுள்ளது. குருதேவர் குழந்தையைப்போல் அன்னையிடம் முறையிடுகிறார்; கை சரியாகிவிடுமா என்று சுற்றியிருந்த பக்தர்களிடம் கேட்கிறார்; அவர்கள் குழந்தையைத் தேற்றுவதுபோல் தேற்றுகிறார்கள். அதே வேளையில், தம்மைக் கவனித்துக்கொள்வதற்காக உடனிருந்த ராக்காலிடம், இதில் உன் குற்றம் எதுவுமில்லை, நீ கூட வந்திருந்தாலும் அந்த வேலி வரையில் வந்திருக்க மாட்டாய் என்ற கருத்தில் பேசுகிறார். வலியில் தவிப்பவர், பக்கத்தில் நிற்கும் சீடனின் மனத்தில் உறுத்தக்கூடிய முள்ளை அவன் கேட்காமலேயே எடுத்துவிடுகிறார்! பலமுறை படித்த பகுதிதான். அன்றுவரை அந்த வரியில் நான் நின்றதே இல்லை. உடுமலைப்பேட்டையில் வண்டியை நிறுத்தி, உடன் வந்த பிரம்மச்சாரியைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லி, "அம்மா, நீங்கள் சொன்னதுதான் சரி. கேட்காதவன் நான்" என்றேன். என் சங்கடம்தான் குறைந்தது. அவருடையது குறைந்ததா என்று தெரியவில்லை.

கோயம்புத்தூரில் அன்று மாலையே அறுவை சிகிச்சை. தோளருகே ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். சிறிது நேரத்தில் செவிலியர் ஒரு கையைத் தூக்கிப் பக்கத்து மேசைமேல் வைத்தார். யாருடைய கை என்று ஒரு கணம் விளங்கவில்லை. பார்ப்பவன் வேறு, பார்க்கப்படுவது வேறு என்று த்ருக்-த்ருச்ய விவேகத்தை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இதோ, என் கையே காணப்படும் பொருளாக எதிரில் கிடக்கிறது. இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஆனால் எனக்கு வந்தது விவேகம் அல்ல, பயம். 'உடல் நானல்ல' என்று போதித்த அதே வாய், "டாக்டர், என் கை பழையபடி எழுதுமா?" என்று கேட்டது. தத்துவம் படித்தவனுக்கு உதாரணம் கிடைத்தவுடனே உண்மையும் கிடைத்துவிட்டதாக ஒரு மயக்கம் உண்டு. அந்த மயக்கம் மேசைமீது கலைந்தது.

கையைப் பற்றி உபநிஷதம் சொல்வதைக் கட்டிலில் படுத்திருந்த நாட்களில் மீண்டும் எண்ணிப் பார்த்தேன். பிருஹதாரண்யகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், ஜனகரின் சபையில் ஆர்த்தபாகர் யாக்ஞவல்கியரிடம் கேட்கிறார்: கிரஹங்கள் எத்தனை? அதிகிரஹங்கள் எத்தனை? கிரஹம் என்றால் பற்றுவது. அதிகிரஹம் என்றால் பற்றுவதையே பற்றிக்கொள்வது. எட்டு எட்டு என்கிறார் யாக்ஞவல்கியர். பிராணன், வாக்கு, நாக்கு, கண், காது, மனம், தோல் ஆகியவற்றோடு கைகளும் அந்தப் பட்டியலில் வருகின்றன. கை ஒரு கிரஹம். அதைப் பற்றியிருக்கும் அதிகிரஹம் செயல். நாம் கையால் காரியத்தைப் பிடித்திருப்பதாக நினைக்கிறோம். காரியம் கையைப் பிடித்திருக்கிறது என்கிறது ச்ருதி. அந்த பாட்டிலை நான் பிடித்திருந்தேனா, அது என்னைப் பிடித்திருந்ததா? 'விடுங்க' என்று ஒருவர் சொன்ன பிறகும் விட முடியாமற்போனதை வேறு எப்படிச் சொல்வது?

மருத்துவர் ஒரு விவரம் சொன்னார். விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை கிடையாது. தசை முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நீண்ட நாண்கள் குறுகிய உறைகளுக்குள் ஓடி வந்து விரல்களை இழுக்கின்றன. ஒவ்வொரு விரலிலும் இரண்டு நாண்கள் ஒரே உறைக்குள் நெருங்கி ஓடும் பகுதி ஒன்று உண்டு. அமெரிக்கக் கை அறுவை நிபுணர் ஸ்டெர்லிங் பன்னல் அதற்கு 'யாருக்கும் உரிமையில்லாத நிலம்' என்ற பொருளில் ஒரு பெயரிட்டார். அங்கே அறுந்ததை உடனே தைத்தால் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். எனவே தொடாமலிருப்பதே மேல் என்று நெடுங்காலம் கருதினார்கள். 1960-களில் ஹரால்ட் கிளைனெர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும், உடனே தைத்துச் சில நாட்களிலேயே விரலை அசைக்கத் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும் என்று காட்டினார்கள். முதலில் பலர் அதை நம்பவில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் அந்த வழியில் வந்ததுதான். தைத்த நாண் முதல் சில வாரங்களில் மிகவும் பலவீனமாக இருக்கும். சொந்தப் பலத்தால் விரலை மடக்கி எதையாவது பிடித்தால் தையல் அறுந்துவிடும். அசைக்காமல் வைத்திருந்தாலோ உறையோடு ஒட்டிவிடும். ஆகவே காயப்பட்ட விரலை இடது கையால் மெதுவாக மடக்க வேண்டும்; விரல் தன் முயற்சியை முற்றிலும் விட்டுவிட வேண்டும். பயிற்சியாளர், "விரல் அசையணும். நீங்க அசைக்கக் கூடாது" என்றார். செயலில் செயலின்மையைக் காண்பவன் என்று கீதையின் நான்காம் அத்தியாயத்தில் பகவான் சொல்லும் இடத்திற்கு எத்தனை பாஷ்யங்கள் படித்திருப்பேன்! இந்த ஐந்து சொற்களைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்தேனே தவிர, செய்வது எளிதாக இல்லை. விரல் தானாக உதவிக்கு வரும். 'நானும் செய்கிறேன்' என்று அது துள்ளுவதைப் பயிற்சியாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். உணவும் பிறர் ஊட்ட வேண்டியிருந்தது. இளம் பிரம்மச்சாரி ஒருவர் சாதத்தைப் பிசைந்து ஊட்டும்போது, கவளம் பெரிது, சிறிது, ரசம் போதவில்லை என்று மனம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தது. கொடுக்கும் கையாகவே இருந்து பழகியவனுக்கு வாங்கும் வாயாக இருப்பது கடினம்.

பயிற்சிக் கூடத்தில் என்னைப்போல் சமையலறையில் காயப்பட்டவர்கள் பலர் இருந்தார்கள். மிக்ஸியை நிறுத்தாமல் கைவிட்டவர், கிரைண்டரில் புடவைத் தலைப்பு சிக்கியவர், அரிவாள்மனையில் தவறியவர். மூணாற்றுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவருக்குக் கட்டை விரலில் வெட்டு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளுவதற்குக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் கருவிகள். கத்தரி வந்துவிட்ட பிறகும் அதைப் பிடித்து அழுத்தக் கட்டை விரல் வேண்டும். அவருக்குப் பயிற்சியாகக் கறிவேப்பிலை இணுக்குகளைக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக் கிண்ணத்தில் போடுவார். பெரட்டுக்கு என்றைக்குப் போகலாம் என்பது ஒன்றுதான் அவர் தினமும் கேட்ட கேள்வி. எனக்கு ஒரு நூல் தாமதமாகும். அவருக்கு அடுப்பு எரிவது தாமதமாகும். நான் என் கையைப் பற்றிப் புலம்புவதை அங்குதான் குறைத்துக்கொண்டேன். ஒருநாள் அவர் என் விரலைப் பார்த்து, "உங்களுக்கு மடங்குது சாமி, எனக்கும் மடங்கும்" என்றார். என் விரல் மடங்கியதில் அவருக்கு உண்டான மகிழ்ச்சி உண்மையானது. அவர் விரலைப் பற்றி நான் அதுவரை அந்த அளவுக்கு எண்ணியிருக்கவில்லை.

நாண்களோடு ஒரு நரம்பும் அறுந்திருந்தது. ஆள்காட்டி விரலின் ஒரு பக்கம் மரத்தே கிடந்தது. தைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும் என்றார்கள். இரண்டாம் மாதம் ஒருநாள் காப்பி டம்ளரைப் பிடித்தேன். பிறகு பார்த்தால் அந்தப் பக்கம் கொப்புளம். சுட்டதே தெரியவில்லை. டாக்டர் பால் பிராண்டின் அனுபவங்களை முன்பே படித்திருந்தேன். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றித் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தவர் அவர். அந்நோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் சிதைகின்றன என்று கண்டறிந்தார். இரவில் எலி கடிப்பதுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை என்று அறிந்து, வீடு திரும்புவோருக்குப் பூனை கொடுத்தனுப்பினார்களாம். வலியைக் கொடை என்று அவர் எழுதியதை ஒரு மதபோதகரின் மகன் பேசும் பேச்சு என்று முன்பு எண்ணியிருந்தேன். கொப்புளத்தைப் பார்த்தபின் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். ஜூன் மாதம் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோன்ற கூச்சம் தொடங்கியது. பிறகு ஒருநாள் முள் குத்தி வலித்தது. அருகிலிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு வாளி தூக்க அனுமதி கிடைத்தது. நடுவிரல் நுனி இன்றும் உள்ளங்கையைத் தொடுவதில்லை. ஒரு நெல்மணி அளவு இடைவெளி இருக்கிறது. பருத்த எழுதுகோலால் எழுதுகிறேன். நூல் ஓராண்டு தாமதமாக முடிந்தது.

அதற்குப் பின் மூணாற்றுக்கு மீண்டும் ஒரு ஜனவரியில் போனேன். அந்த அம்மையார் எண்ணெயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, கிழக்குப் பார்த்த திண்ணையில் வெயிலில் வைத்திருந்தார். அது உருக ஒன்பது மணியாயிற்று. அதுவரை எனக்குக் கொத்தமல்லி ஆய்கிற வேலையைக் கொடுத்தார்.