தூரமும் தெளிவும்

டெலிஃபோட்டோ ஜூமில் படம் தெளிவாக விழாதபோது நாம் முதலில் குறை சொல்வது லென்ஸைத்தான். நானும் சொன்னேன். 300 மி.மீ. குவியதூரம் பறவையைப் பெரிதாக்குகையில் என் கை நடுக்கத்தையும் பெரிதாக்குகிறது, 50 மி.மீ. லென்ஸில் தெரிவதைப்போல் ஆறு மடங்கு. தூரத்திலிருப்பதை அருகே கொண்டுவரும் சாதனம் பார்க்கிறவனையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. ஷட்டரை 1/300 வினாடியோ அதைவிட வேகமாகவோ வைக்கலாம். பறவை அசைந்தால் 1/1000. முக்காலி போடலாம். ஜூமின் கடைசி எல்லையில் லென்ஸ் துவாரத்தை ஒரு படி சுருக்கலாம். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இவையெல்லாவற்றையும் செய்தேன். விடியலில் எடுத்த நத்தைகுத்தி நாரையின் இறகுகளை எண்ணிவிடலாம். பதினோரு மணிக்கு அதே கிளை, அதே முக்காலி, படம் கலங்கியிருந்தது. இடையிலிருந்த காற்று சூடேறி அலைந்திருக்கிறது. ஷட்டர் வேகத்தால் அதைத் திருத்த முடியாது. அந்த நேரத்தில் உள்ள ஒரே மருந்து கிட்டப் போவது. போனால் நாரை கூட்டை விட்டு எழும்; குஞ்சு வெயிலில் கிடக்கும்.

ஆகவே தெளிவுக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒளியியல் மட்டும் விதித்த எல்லை அல்ல. பறவைகளைச் சுட்ட சிப்பாய்களைப் பற்றி முறையிட்டு, 1798இல் அவ்வூர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமைப்பத்திரம் வாங்கியது ஒருவிதத்தில் இந்தத் தூரத்துக்காகத்தான்.

ஆனால் தூரமே அறமாகிவிடாது. வங்கி மாடியிலிருந்து, எதிர் நடைபாதையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த ஒரு கிழவியை அதே லென்ஸால் எடுத்தேன். நகக்கண் அழுக்குவரை தெளிவு. அதை யாரிடமும் காட்ட முடியவில்லை. நாரையிடம் நான் போகக்கூடாது. கிழவியிடம் போயிருக்கலாம், தெருவைக் கடக்க ஒரு நிமிஷம். போகாததற்குக் காரணம், போனால் அவளும் என்னைப் பார்ப்பாள் என்பதே.

விலகி நின்று துல்லியமாகப் பார்ப்பதை நம் விமர்சனத்தில் நடுநிலை என்று சொல்லி வருகிறோம். அந்த இடைவெளி எதிரிலிருப்பதன் பொருட்டு விடப்பட்டதா, நம் சௌகரியத்துக்காகவா என்று கேட்டுக்கொள்வதில்லை. இரண்டிலும் படம் ஒரேமாதிரி தெளிவாக விழும் என்பதுதான் பிரச்சனை. கிழவியின் படத்தில் என் கை சிறிதும் நடுங்கவில்லை.