கணக்கில் விடுபட்டது

ஆராய்ச்சிக்குரிய அறம் யாது? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலையில் திறக்கப்பட்ட டகோமா நேரோஸ் தொங்குபாலம், அவ்வாண்டு நவம்பர் 7 அன்று காற்றால் முறுகி வீழ்ந்தது. வடிவமைத்தோர் காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட்டிருந்தனர்; அக்காற்றே பாலத்தின் அசைவை மேன்மேலும் பெருக்கும் என்பதைக் கண்டிலர். அவர்தம் கணக்கு பொய்யன்று, ஒருபக்கப் பார்வை. பின்னர்த் தொங்குபால மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தல் வழக்கமாயிற்று. பொறியியல் தன் குறையைத் திருத்திக்கொண்டது.

வரலாறு கூறுவோரோ, 'உயிரிழப்பு இல்லை' என்பதுண்டு. பாலத்தின்மீது கைவிடப்பட்ட காரினுள் நாயொன்று இருந்தது. காருடன் வீழ்ந்து மடிந்தது. ஐம்பொறி வாய்ந்த அவ்வுயிர் கணக்கில் ஏறவில்லை.

எத்துறையிலும் குறை ஒன்றே: கண்டதே முழுமையெனக் கொள்ளுதல். அநேகாந்தம் பயின்ற நாம், ஆராயப் புகும் நம் பிள்ளைகளுக்கு, 'விடுபட்டது எது?' என முதலில் வினவக் கற்பிப்போமாக.