தற்காப்பும் மறைத்த ஆயுதமும்

தன்னைக் கொல்ல வருபவனைத் தடுக்கும் உரிமை மனிதனுக்கு உண்டா என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பெரும்பாலும் எல்லா நாட்டுச் சட்டங்களும் ஏதோ ஒரு வரம்புக்குள் அதனை ஏற்கின்றன. இஸ்லாமும் ஏற்கிறது. தன் உடைமையைக் காக்கப் போராடிக் கொல்லப்பட்டவர் ஷஹீத் என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நான் இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. எதிரி யாரென்றே தெரியாத நிலையில், கடைக்கும் தொழிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகும்போதெல்லாம் சட்டைக்குள் ஒரு கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்வது தற்காப்பு என்ற சொல்லுக்குள் அடங்குமா?

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்துள்ள நாடு அமெரிக்கா. 2008இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தற்காப்புக்காக வீட்டினுள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை எனத் தீர்ப்பளித்தது. 2022இல் இன்னொரு தீர்ப்பில் அவ்வுரிமை வீட்டு வாசலோடு முடிவதில்லை என்றது. பொது இடத்தில் ஆயுதம் கொண்டுசெல்ல விசேட காரணம் காட்ட வேண்டும் என்று கேட்ட நியூயோர்க் மாநிலத்தின் பழைய சட்டம் அத்தோடு வீழ்ந்தது. இன்று அங்குள்ள ஐம்பது மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், துவக்கு வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாத வளர்ந்தவர் ஒருவர் அனுமதிப் பத்திரமே இல்லாமல் அதை மறைத்துக்கொண்டு நடமாடலாம்.

அங்கே ஒருவர் அன்றாடப் பாவனைக்கென்று பிஸ்டல் தெரிவுசெய்யும் முறை கவனிக்கத்தக்கது. அகலம் எவ்வளவு, பாரம் எவ்வளவு, சட்டைக்கு மேலால் வடிவம் தெரியுமா, உட்காரும்போது இடுப்பில் குத்துமா, பதற்றத்தில் விரல் பட்டு வெடித்துவிடுமா என்றெல்லாம் அவர் விசாரிக்கிறார். இத்தேவைக்கென்றே கம்பனிகள் போட்டிபோட்டுச் சிறிய பிஸ்டல்களைச் செய்கின்றன. 2018இல் சிக் சவர் கம்பனி வெளியிட்ட பி365 என்ற பிஸ்டல் மிகச் சிறியது. ஆயினும் அதன் ரவைக்கூட்டில் பத்து ரவைகள் கொள்ளும். பெயரிலுள்ள 365 என்ற எண் ஆண்டின் நாட்களைக் குறிக்கிறது. ஒருநாள்கூட அது இல்லாமல் வெளியே இறங்கத் தேவையில்லை என்பதே அப்பெயர் சொல்லும் செய்தி.

வாங்குபவர் கேட்கும் கேள்விகள் யாவும் கருவியைப் பற்றியவை. ஆனால் அவற்றுக்குப் பின்னால், வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு மனிதனின் முகம் இருக்கிறது. யாரையோ சுடவேண்டி வரலாம் என்ற எண்ணம் இன்றி ஒருவர் துவக்கு தெரிவுசெய்ய முடியாது. அந்த முகத்தை மனதில் வரைந்த பின்னரே அவர் தெருவில் இறங்குகிறார். பிறகு அதற்கு ஒத்த முகங்கள் அவர் கண்ணுக்குத் தென்படத் தொடங்குகின்றன. எண்ணங்களில் பலவற்றைத் தவிர்ந்துகொள்ளுமாறு சூறா அல்ஹுஜ்ராத் எச்சரிப்பது இதைத்தான் என்று கருதுகிறேன். கெட்ட எண்ணம் மனதுக்குள் இருக்கும்வரை அது ஒரு பாவம் மட்டுமே. அதன் கையில் துவக்கும் இருந்தால் அது தீர்ப்பாகிவிடுகிறது.

2012 பெப்ரவரியில் புளோரிடா மாநிலத்தின் சன்போர்ட் நகரில் நடந்தது அதுவே. கடையில் இனிப்பும் பானமும் வாங்கிக்கொண்டு திரும்பிய ட்ரேவொன் மார்ட்டின் என்ற பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன், அயற்காவல் தொண்டர் ஒருவரின் கண்ணுக்குச் சந்தேகத்துக்குரியவனாகத் தெரிந்தான். அந்தத் தொண்டரிடம் துவக்கை மறைத்துக் கொண்டுசெல்லும் அனுமதிப் பத்திரம் இருந்தது. பின்தொடரத் தேவையில்லை எனப் பொலிஸ் தொலைபேசியில் கூறிய பின்பும் சம்பவம் கைகலப்பாகி, சிறுவன் சுடப்பட்டு இறந்தான். 2013 ஜூலையில் ஜூரிமார் சுட்டவரைக் குற்றவாளியல்ல என விடுவித்தனர். சட்டம் அந்தக் கடைசிச் சில நிமிடங்களை அளந்து பார்த்தது. அறம் கேட்கும் கேள்வி அதற்கு முந்தியது: இடுப்பில் துவக்கு இல்லாதிருந்தால் அவர் வாகனத்தை விட்டு இறங்கியிருப்பாரா?

இதன் மறுபக்கம் 2016 ஜூலையில் மினசோட்டாவில் தெரிந்தது. பிலாண்டோ கஸ்டீல் என்பவர் பாடசாலை உணவகமொன்றில் வேலை செய்தவர். முறையான அனுமதியுடன் துவக்கு வைத்திருந்தவர். அவரது காரை மறித்த பொலிஸ் உத்தியோகத்தரிடம் தன்னிடம் துவக்கு இருப்பதை மரியாதையாகத் தெரிவித்தார். சில விநாடிகளில் அந்த உத்தியோகத்தர் அவரைச் சுட்டுக் கொன்றார். காப்பாற்றும் என்று நம்பிய பொருளே அவரை ஆபத்தானவராகக் காட்டியது. மேலும், 2021இல் அந்நாட்டில் துவக்கினால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அந்நியனுக்கென்று வாங்கிய துவக்கு வீட்டிலுள்ளவரின் மிகப் பலவீனமான கணத்தில் அவர் கைக்கே எட்டிவிடுகிறது.

ஆயினும் எதிர்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2015இல் வட கரோலினாவின் சப்பல் ஹில் நகரில் மூன்று முஸ்லிம் இளைஞர்களை அயலவர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அத்தகைய அச்சத்தினால் அமெரிக்க முஸ்லிம்கள் சிலரும் துவக்கு எடுத்துக்கொண்டனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற நபிமொழியை அவர்கள் எடுத்துக்காட்டலாம். கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு இந்த வாதம் அந்நியமானதல்ல. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றபோது அவர்கள் கைகளில் எதுவும் இருக்கவில்லை. சில நாட்களில் ஏறாவூரிலும் இரத்தம் ஓடியது. ஆயுதம் இருந்திருந்தால் என்ற கேள்வியை அம்மக்கள் கேட்டதில் தவறில்லை.

அல்குர்ஆனே இதற்கு வழிகாட்டியிருக்கிறது. சூறா அந்நிஸாவில் அச்சத் தொழுகை விதிக்கப்பட்டுள்ளது. ஒரு பிரிவினர் தொழ, மற்றொரு பிரிவினர் காவல் நிற்கின்றனர். ஆயுதங்கள் உடன் இருக்கின்றன. பின்னர் முறை மாறுகின்றது. அந்தக் காவல் கூட்டுப் பொறுப்பு. யார் காவல் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். மழையோ நோயோ இடைஞ்சல் தந்தால் ஆயுதத்தைக் கீழே வைக்கவும் அனுமதியுண்டு. அடுத்த வசனமே, அச்சம் நீங்கியதும் வழமையான தொழுகைக்குத் திரும்பப் பணிக்கிறது. அச்சமற்ற காலத்துக்கு நபிகளார் (ஸல்) கற்பித்த ஒழுங்கு வேறு. பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்புகளுடன் நடப்பவர் அவற்றின் கூர்முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும். அதாவது, ஆயுதம் ஏந்தியவர் முதலில் யோசிக்க வேண்டியது அருகில் நிற்பவரின் பாதுகாப்பைத்தான்.

என் கருத்து இதிலிருந்தே பிறக்கிறது. ஆண்டின் 365 நாளும் மறைத்த துவக்குடன் வாழ்வதென்பது, அச்சத் தொழுகையை அன்றாடத் தொழுகையாக்குவது. இறைவன் விதிவிலக்காகத் தந்ததை மனிதன் விதியாக்கிக் கொள்வது.

பகிரங்கமான காவலும் குற்றமற்றதாக இருந்துவிடவில்லை. முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கு அரசு வழங்கிய துவக்குகள் பல ஊர்களைக் காத்தன. ஆனால் 1992 ஏப்ரலில் அழிஞ்சிப்பொத்தானை முஸ்லிம்களைப் புலிகள் கொன்றொழித்ததற்குப் பழியாக, அயலிலிருந்த முத்துகல், கரபொல தமிழ்க் கிராமத்தவர்மீதும் அத்தகைய துவக்குகள் திரும்பின. இதை நாம் மறைக்கக்கூடாது. காவலுக்கென்று தரப்பட்ட ஆயுதம் ஓர் அமானிதம். அந்த அமானிதம் அன்று மீறப்பட்டது. அந்தத் துவக்குகள் யார் கையில் இருந்தன என்பது ஊரறிந்த விடயம் என்பதால்தான் இன்றும் அதனைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்க முடிகிறது. எவர் இடுப்பில் எது இருக்கிறதென்று எவருக்கும் தெரியாத சமூகத்தில் அந்தக் கேள்வியும் கேட்க முடியாது.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் நடந்த தேடுதல்களில் சில இடங்களில் வாள்கள் அகப்பட்டன. 2014இல் அளுத்கமவையும் 2018இல் திகனவையும் கண்ட ஒரு சமூகத்தில், கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது இருக்கட்டும் என்ற எண்ணம் எழுவது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆனால் மறைத்து வைத்தவரின் நிய்யத்தை அயலவர் எவ்வாறு அறிவார்? அவர் கண்ணுக்கு அந்த வாள் காவலாகத் தெரியவில்லை. தாக்குதலுக்கான ஆயத்தமாகவே தெரிந்தது. ஒளித்து வைத்த சிலரின் அச்சத்துக்கு, ஒன்றையுமே ஒளித்து வைக்காத பலர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் சொல்லுமாறு நாம் கற்பிக்கப்பட்டுள்ளோம். ஸலாம் ஒரு வாக்குறுதி. என்னால் உமக்குத் தீங்கில்லை என்று எதிரே வருபவருக்கு நாம் தரும் உத்தரவாதம். ஒரு கை ஸலாத்துக்கு நீளும்போது மறு கை சட்டைக்குள் எதையோ தடவிப் பார்க்குமானால், அந்த இரண்டில் எது உண்மையைச் சொல்கிறது என்பதை ஒவ்வொருவரும் தம் மனசாட்சியிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.