எவ்வளவு இருந்தால் போதும்?

சரக்கு ஹெலிகாப்டரின் உள்ளே துணை எரிபொருள் தொட்டிகளைப் பொருத்துவது பொறியாளர்களின் வேலை. ஆனால் சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி அந்த வேலைக்குள் இருக்கிறது: ஒரு காரியத்துக்காகச் சேர்க்கும் பொருள் எந்த அளவைத் தாண்டினால் அந்தக் காரியத்துக்கே பகையாகிறது? சினூக் என்ற சரக்கு ஹெலிகாப்டரின் சொந்தத் தொட்டிகளில் ஏறத்தாழ 3,900 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். நெடுந்தூரம் போக வேண்டுமானால், ஒவ்வொன்றும் சுமார் 3,000 லிட்டர் கொள்ளும் தொட்டிகளைச் சரக்கறைக்குள் வைக்கலாம். மூன்று வரை வைக்க முடியும். அவற்றைத் தரையோடு இறுகப் பிணைக்கிறார்கள். ஆவி வெளியேறக் குழாய் விடுகிறார்கள். நிலைமின்சாரத்தால் தீப்பொறி எழாதிருக்க உலோக உடலோடு கம்பியால் இணைக்கிறார்கள். பறக்கும்போது குழுவினர் பம்பை இயக்கி எரிபொருளைப் பிரதானத் தொட்டிகளுக்கு மாற்றுகிறார்கள். இன்ஜின்கள் அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. 2022 ஏப்ரலில் இந்திய விமானப்படையின் சினூக் ஒன்று சண்டிகரிலிருந்து அசாமின் ஜோர்ஹாட் வரை 1,910 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் ஏழரை மணி நேரத்தில் கடந்தது. சொந்தத் தொட்டிகளை மட்டும் நம்பிக் கடக்கும் தூரமல்ல அது.

இந்தத் தூரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு துணைத் தொட்டியை நிரப்பும் எரிபொருள் மட்டுமே ஏறக்குறைய 2,400 கிலோ எடை. தொட்டி அமரும் சரக்கறையோ, 24 ஸ்ட்ரெச்சர்களை வைக்கக்கூடிய அதே இடம். காற்று மெலிந்த லடாக் போன்ற உயரங்களில் தூக்கும் திறன் குறைவதால் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். அதோடு, ஏற்றிய எரிபொருளின் சுமையைத் தூக்கவும் எரிபொருள் செலவாகிறது. வழிக்கென்று கட்டிய சோற்றுமூட்டை பெருத்துப்போனால், கொண்டுபோக வேண்டிய சீரைத்தான் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கருவி பெருகப் பெருக, அது நோக்கத்தின் இடத்தைப் பிடிக்கிறது. ஆகவே சேமிப்பின் அளவை நோக்கத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும். நம்முடைய அச்சத்திலிருந்து அல்ல.

அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ என்ற நூலில் இதைத்தான் வாதிட்டார்: எந்தக் கலையின் கருவிக்கும் அதன் பயன் ஓர் எல்லையைத் தருகிறது, பயனை மறந்து சேர்ப்பதையே குறிக்கோளாக்கும்போதுதான் எல்லை அழிகிறது. சமண நெறி இன்னும் நுட்பமானது. துறவி எல்லாவற்றையும் விடுகிறார். இல்லறத்தாரோ தம் உடைமைக்கு ஓர் அளவை வகுத்துக்கொண்டு அதை விரதமாக ஏற்கிறார். ஹெலிகாப்டர் துறவியல்ல, எரிபொருளின்றி அது பறக்காது. அதன் அறம் இல்லறத்தாரின் அறம். விரதத்தின் அளவை ஆசை எழுந்த பிறகு வகுக்க முடியாது. எடையும் சமநிலையும் அப்படித்தான், புறப்படும் முன்பே தரையில் கணக்கிட்டு முடிக்கப்படுகின்றன.

மிகுதியால் வரும் கெடுதியைவிடக் குறைவால் வரும் கெடுதி கொடியதல்லவா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். 1980 ஏப்ரலில் ஈரானில் பிணையாக இருந்தவர்களை மீட்க அமெரிக்கா அனுப்பிய ஹெலிகாப்டர்களால் அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் கடக்க இயலவில்லை. எரிபொருளை உள்ளே சுமந்த விமானங்கள் பாலைவனத்தில் அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. முயற்சி கைவிடப்பட்ட பிறகு ஒரு ஹெலிகாப்டர் அவ்விமானங்களில் ஒன்றின் மீது மோதித் தீப்பற்றியதில் எட்டுப் பேர் இறந்தனர். எரிபொருள் இல்லையேல் பயணமே இல்லை என்பதையும், அதே எரிபொருள் தீயாகவும் மாறும் என்பதையும் அந்த இரவு ஒருசேரக் காட்டியது. ஆகவே குறைவு ஆபத்தானது என்பதை முழுமையாக ஏற்கிறேன். வழி மாறி இறங்க நேர்ந்தால் தேவைப்படும் கையிருப்பு, பயணிகளின் உயிருக்கு நாம் பட்டிருக்கும் கடன். அது மிகையில் சேராது. ஆனால் ‘கூடுதல் எப்போதும் நல்லது’ என்ற விதிக்குத் தன்னை நிறுத்திக்கொள்ளத் தெரியாது. முதல் தொட்டிக்குச் சொன்ன காரணத்தையே மூன்றாவதற்கும் சொல்லும்.

இது வெறும் கணக்கு, அறத்துக்கு இதில் என்ன வேலை என்பது இன்னொரு மறுப்பு. எவ்வளவு தூக்க முடியும் என்பதைக் கணக்கு சொல்லும். தொட்டிக்கு இடம்விட்டு எதை, யாரைக் கீழே நிறுத்துவது என்பதை அது சொல்லாது. காயம்பட்டவர்கள் எங்கோ காத்திருக்க, அவர்களை அடைய ஒரு தொட்டி வேண்டும். ஆனால் அதை ஏற்றினால் அவர்களில் சிலருக்கு இடமிராது. இங்கே எடுக்கும் முடிவுக்கு மனிதர் பொறுப்பேற்றாக வேண்டும். கணக்கின் பின்னால் ஒளிந்துகொள்ள அவருக்கு உரிமையில்லை.

அப்படியானால் சரக்கறை முழுவதையும் எரிபொருளால் நிரப்புவது எப்போதும் தவறா? இல்லை. அமெரிக்கத் தரைப்படை அப்படி நிரப்பிய சினூக்கைத் தொலைவான இடத்தில் இறக்கி, அதிலிருந்து மற்ற ஹெலிகாப்டர்களுக்கு எரிபொருள் தருவதுண்டு. அங்கே எரிபொருள் தன்னைச் சுமக்கும் இயந்திரத்துக்கான சேமிப்பாக இல்லாமல், பிறருக்குக் கொண்டுசெல்லும் சரக்காகிறது. என் வாதத்தை இது உடைக்கவில்லை, தெளிவாக்குகிறது: தனக்கென்று வைக்கும் சேமிப்புக்குத் தன் காரியமே எல்லை, அதற்கு மேல் நிறைவது நியாயமாவது, அது வேறொருவரின் பயணத்துக்குப் போய்ச் சேரும்போதுதான். பொருள் சேர்க்கும் எவரும், எந்த அமைப்பும், எந்த அரசும் தன் கையிருப்பை இந்த அளவுகோலால் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறது.