ஒலிபெருக்கியில் ஒலிப்பது யாருடைய குரல்?

மைக்கின் முன் ஒருவர் வேதம் ஓதும்போது அவருடைய குரல் அசைப்பது மைக்கினுள் இருக்கும் மெல்லிய சவ்வை மட்டுமே. அந்த அசைவு மின்னோட்டமாகிறது. ஆம்ப்ளிஃபையர் அதன் வடிவத்தை வைத்துக்கொண்டு, வலிமையை மின் இணைப்பிலிருந்து சேர்க்கிறது. முடிவில் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு காற்றைத் தள்ளுகிறது. தொண்டையிலிருந்து கிளம்பிய அலை மைக்கோடு நின்றுவிட, அவையோரின் காதுக்கு வருவது கூம்பு எழுப்பிய வேறோர் அலை. ஒருவர் ஓத, மற்றவர் கேட்பதால் கடமை நிறைவேறும் என்று விதிக்கும் மதங்களில் இது சிறிய விஷயமல்ல. கேட்டது ஓதியவரின் குரலா, கருவியின் குரலா என்பதைப் பொறுத்தே அந்த வழிபாடு செல்லுமா செல்லாதா என்பது முடிவாகும்.

யூத மரபில் இதற்கு அடிப்படையாக நிற்பது மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பின் ஒரு விதி. புத்தாண்டு நாளில் ஆட்டுக்கிடாயின் கொம்பை ஊத, அதைக் கேட்பது கடமை. குழிக்குள்ளோ பெரிய தாழிக்குள்ளோ ஊதினால், கொம்பின் ஒலியைக் கேட்டவருக்குக் கடமை தீர்ந்தது. எதிரொலியை மட்டும் கேட்டவருக்குத் தீரவில்லை. 20ஆம் நூற்றாண்டில் எருசலேமின் ரப்பி ஷ்லோமோ சல்மான் அவுவர்பாக் மின்கருவிகளின் இயக்கத்தை நுணுகிப் பார்த்து, ஒலிபெருக்கியில் வருவது சவ்வின் ஒலியே, மனிதக் குரல் அல்ல என்று முடிவு செய்தார். எனவே ஓதக் கேட்பது கடமையான எஸ்தர் சுருளையும் அதன் வழியே கேட்டால் போதாது. நியூயார்க்கின் ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் இதற்கு மாறான பக்கம் சாய்ந்தார். ஓதுபவர் ஓதினால்தான் கருவி ஒலிக்கிறது. மேலும், நேரில் கேட்கும் குரலும் இப்படி ஏதோ ஒரு மாற்றத்தின் வழியாக வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்றும் அவர் கேட்டார்.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் எதிரொலியிலிருந்தே தொடங்கினார்கள். குர்ஆனில் சஜ்தா வசனத்தை ஓதக் கேட்டவர் சிரம் பணிய வேண்டும். எதிரொலியாகக் கேட்டால் அந்தக் கடமை இல்லை என்பது ஹனஃபி சட்டப் பள்ளியின் விதி. தொழுகையில் சிக்கல் இன்னும் கூடுதல். தொழுகைக்கு வெளியே இருப்பவரின் சொல்லைப் பின்பற்றினால் தொழுகை முறியும் என்பதால், ஒலிபெருக்கியின் குரல் இமாமின் குரல் அல்லவென்றால் அதைக் கேட்டுக் குனிவதும் நிமிர்வதும் தொழுகையையே கெடுத்துவிடும். பெரிய கூட்டங்களில் இமாமின் தக்பீரை உரக்கத் திருப்பிச் சொல்லும் முகப்பிர், தாமும் தொழுகையில் இருப்பவர் என்பதால் அவரால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் ஹனஃபி அறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபி முதலில் ஒலிபெருக்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்து, அறிவியல் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்டபின் அதை மாற்றிக்கொண்டார். பாங்கு வெறும் அழைப்பு என்பதால் அதற்கு இத்தனை தடை இருக்கவில்லை. சிங்கப்பூரின் சுல்தான் பள்ளிவாசலில் 1936இலேயே ஒலிபெருக்கி வந்துவிட்டது.

இந்தக் கேள்விக்கு வேண்டிய கருவிகளை இந்திய தர்க்க மரபு மைக் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே செய்து வைத்திருந்தது. ஒலி சேர்க்கையாலும் பிரிவாலும் ஒலியாலும் பிறக்கிறது என்பது அந்த மரபின் ஒரு பள்ளியான வைசேஷிகத்தின் கொள்கை. முரசில் கோல் படுவது சேர்க்கை. மூங்கில் பிளப்பது பிரிவு. மூன்றாவது, ஒலியிலிருந்தே பிறக்கும் ஒலி. முதல் ஒலி அழியுமுன் அடுத்ததைப் பிறப்பிக்க, அது மற்றொன்றைப் பிறப்பிக்க, அலைக்குப் பின் அலையாக அது காதை எட்டுகிறது. தர்க்கம் பயில்வோர் இதை வீசீதரங்க நியாயம் என்பார்கள். இதன்படி, குருவின் எதிரே அமர்ந்து கேட்கும் சீடனும் அவர் வாயில் பிறந்த முதல் ஒலியைக் கேட்பதில்லை. வரிசையின் கடைசி ஒலியையே கேட்கிறான். மூல ஒலி காதுக்கு வரவில்லை என்பதை மட்டும் வைத்து ஒலிபெருக்கியைத் தள்ளுபவர் நேர்க்குரலையும் தள்ள வேண்டியிருக்கும்.

ஆனாலும் ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது, அது வலுவானது. நேர்க்குரலில் வரிசை முழுவதும் ஒலியாகவே தொடர்கிறது; கம்பியில் ஓடுவதோ ஒலி அல்ல. சங்கிலி நடுவில் அறுந்து, கூம்பில் புதிதாகத் தொடங்குகிறது என்று இந்தத் தர்க்க மரபின் நையாயிகர் சொல்லலாம். வேத விதிகளை ஆராயும் மீமாம்சகருக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுத்தொலிகள் என்றும் உள்ளவை, தொண்டை அவற்றை வெளிப்படுத்துகிறதே தவிரப் படைப்பதில்லை என்பது அவர் கொள்கை. அப்படியானால் கூம்பும் இன்னொரு வெளிப்படுத்தும் கருவி. ஆனால் இந்த விடை அளவுக்கு மீறித் தந்துவிடுகிறது. பதிவுசெய்த ஒலியும் மந்திரத்தை அதேபோல வெளிப்படுத்தும். அங்கே ஓதுபவரே தேவையில்லை. வழிபாடு சொல்லை மட்டும் கோருவதில்லை, சொல்பவரின் செயலையும் கோருகிறது. ஆகவே அலை தொடர்கிறதா என்பதைவிட, இந்தக் கணத்தில் ஒருவர் ஓதுவதால் மட்டுமே இது ஒலிக்கிறதா என்பதே சரியான அளவுகோல். நேரடி ஒலிபெருக்கி அதில் தேறும், பதிவு தேறாது.

இந்த அளவுகோலை ஏற்றால், மேடையில் ஓதுபவரை நோக்கிச் சாய்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் இடமும் தெளிவாகும். மெல்ல ஓதுவதும் ஓதுபவரின் காதுக்காவது எட்ட வேண்டும் என்பது ஹனஃபி அறிஞர் பலரின் நிலை; தன் குரலைத் தானே கேட்பது ஓதுதலின் ஒரு பகுதி. இரைச்சலில் தன் குரல் கேட்காதவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார். இது லொம்பார் விளைவு எனப்படும். உச்சரிப்பும் சுருதியும் அப்போது குலையக்கூடும். மானிட்டர் அவருடைய செயலை அவரிடமே திருப்பித் தருகிறது. அளவு மீறினால் அதே மானிட்டரின் ஒலி மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வளரும். ஃபீட்பேக் என்னும் அந்த அலறலுக்குப் பின்னால் எந்த மனிதனும் இல்லை. முற்றிலும் கருவியின் குரல் என்றால் அதுதான்.

அதைத் தவிர்க்கும் வழி விலையில் இல்லை, வைக்கும் இடத்தில் இருக்கிறது. கார்டியாய்டு மைக் தன் நேர் பின்புறத்திலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாக வாங்கும். மானிட்டர் அங்கே இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டு என்றால் பின்புறத்தின் பக்கவாட்டில். சிறிய கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ ஒட்டுப்பலகைப் பெட்டியும் இரும்பு வலையும் கொண்ட, உள்ளிருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றி மாற்றக்கூடிய 12 அங்குல மானிட்டர் ஒன்றே நெடுநாள் போதும். குறைந்த பணத்தை வைத்துக்கொண்டு வழிபாட்டுக்கு ஒலியமைப்பு வாங்குபவர்கள் தெருவை எட்டும் பெரிய பெட்டிகளுக்கு முன் இந்த ஒன்றை வாங்க வேண்டும். வெறும் குரலே எட்டும் அளவுள்ள கூடத்தில் ஒன்றுமே வேண்டாம்.